பிள்ளைவாங்கியின் கடை

அந்தப் படத்தை எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே பிடிக்காது. சன்னதித் தெருவில் எங்கள் பொம்மைக் கடையில், கல்லாவுக்கு மேலே, தேக்குச் சட்டமும் கண்ணாடியும் போட்டு, மாமனாரின் போட்டோவைவிடப் பெரிதாகத் தொங்கும். தகரத்தில் எனாமல் பெயிண்டால் வரைந்தது. தபசுத் திருவிழாவுக்குப் பிழைப்புத் தேடி வந்த ஒரு பெயிண்டரைப் பிடித்து, கடைக்குப் போர்டு எழுதச் சொல்லியிருக்கிறார் மாமனார். அந்த ஆள் பெயரை எழுதிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போகாமல், தகரம் முழுக்க ஒரு கடையையே வரைந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். அதை வாசலில் மாட்ட மாமனாருக்கு மனம் வரவில்லை. தூக்கி எறியவும் பயம். சட்டம் போட்டு உள்ளே மாட்டிவிட்டார்.

படத்தில் இருப்பதும் பொம்மைக் கடைதான், ஆனால் எங்கள் கடை இல்லை. கடைக்காரி ஒருத்தி ஒற்றைக் காலில் நிற்கிறாள். முகத்தில் பாதி வெளுப்பு, பாதி கறுப்பு. கையில் தராசு. அவளுக்குப் பின்னால் தட்டுத் தட்டாக மரப்பொம்மைகள், எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு. எதிரே ஆணும் பெண்ணுமாக வரிசை. ஆளுக்கொரு சின்னச் சாக்குப் பை வைத்திருக்கிறார்கள். கடையை விட்டுப் போகிறவர்களின் இடுப்பில் பொம்மை இல்லை. பிள்ளை இருக்கிறது.

பொம்மைக் கடையில் எதற்குப் பிள்ளை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்க மாட்டார்கள். ஏறிட்டுப் பார்ப்பார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், வாங்க வந்த பந்தையோ பலூனையோ வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

திருவேங்கடம் போகிற ரோட்டில், கரிசல் காட்டுக்கு நடுவில், ஓர் உடைமரத்தடியில் பிள்ளைவாங்கி அம்மன் இருக்கிறாள். கோபுரம் கிடையாது, கூரை கிடையாது. ஒரு கல், அதை ஒட்டி ஒரு புற்று, சுற்றிலும் வட்டமாக ஊன்றிய சின்னக் கற்கள், அவ்வளவுதான். பிறக்கிற பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைக் கொண்டுவந்து இவளிடம் விற்றுவிடுவார்கள். கல்லுக்கு முன்னால் பிள்ளையைக் கிடத்திவிட்டுப் பெற்றவள் வட்டத்துக்கு வெளியே போய்விட வேண்டும். அதோடு அது அவள் பிள்ளை இல்லை. பிறகு யாரோ போலத் திரும்பி வந்து, பிள்ளை விலைக்கு உண்டா என்று கேட்க வேண்டும். உண்டு என்று அம்மனுக்காகப் பூசாரி சொல்வார். கொஞ்சம் தவிடும் ஒரு மரப்பொம்மையும் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். தவிடு ஆடு மாட்டுக்குப் போகும். பொம்மை புற்றடியில் கிடக்கும். கரையான் ஏறி அதை அரித்து மண்ணாக்கிவிட்டால் அம்மன் விலையை ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை இல்லாத தெரு எங்கள் பக்கத்தில் இல்லை.

அந்த மரப்பொம்மை எங்கள் கடையில்தான் கிடைக்கும். என் வீட்டுக்காரர் மாரிக்கண்ணன் அதில் கெட்டிக்காரர். பெரிய கோயிலுக்கு வந்துவிட்டு, அப்படியே பஸ் ஏறிப் பிள்ளைவாங்கியிடம் போகிறவர்களைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். அந்த வீட்டுப் பெண்களின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். எனக்கே இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூத்தது பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. அடுத்தது குப்புற விழுந்து சிரிக்கிற வயதில் போனது. மூன்றாவதாக இசக்கிச்செல்வி பிறந்தபோது, இதையெல்லாம் நம்புகிறாயா என்று என்னை யாராவது கேட்டிருந்தால் அறைந்திருப்பேன். கொண்டுபோய் விற்றேன். வட்டத்துக்கு வெளியே வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பப் போய் விலை கேட்டேன். எங்கள் கடைத் தட்டிலேயே நல்ல பொம்மையாகப் பார்த்து எடுத்து வந்திருந்தேன். செவத்த பாவாடை, கறுப்புக் கொண்டை, மொழுமொழு என்று இருக்கும். அதைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கி வந்தேன்.

பிள்ளை தங்கிவிட்டாள். சளி, காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை. கொழுகொழுவென்று வளர்ந்தாள். ஆனால் பேச ஆரம்பித்ததும் என்னைக் கடைக்காரம்மா என்று கூப்பிட்டாள்.

முதலில் எல்லாரும் சிரித்தோம். கடையிலேயே வளர்கிற பிள்ளை, வருகிறவர்கள் கூப்பிடுவதைக் கேட்டுச் சொல்கிறது என்றார்கள். என் வீட்டுக்காரரையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டாள். அவருக்கு அது பெரிய வேடிக்கை. வருகிற ஆட்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. அம்மா சொல்லு, அம்மா சொல்லு என்று மடியில் போட்டுக் கெஞ்சுவேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடத்தில் அம்மா, ஆடு, இலை எல்லாம் அழகாக வாசிப்பாள். என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் மட்டும் வராது.

தட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். பொம்மைகளுக்கு நடுவே, காலை நீட்டி, கையைத் தொடைமேல் வைத்து, அசையாமல். வாங்க வந்தவர்கள் அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு அலறியது உண்டு. ஒருநாள் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது என் காதுக்குப் பக்கத்தில் அவள் குரல் கேட்டது.

"கடக்காரம்மா, என்ன எப்ப வாங்கிட்டுப் போவாவ?"

யாரும் உன்னை வாங்க மாட்டாவ, நீ எம் பிள்ளை என்று சொல்லி, கீழே இறக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவள் விறைப்பாக நின்றாள். நான் விட்டதும் மறுபடி தட்டில் ஏறிவிட்டாள்.

பிறகு ஒருநாள் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து பொம்மை வாங்கிக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். ரத வீதி முழுக்கத் தேடி, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினால், புறப்படத் தயாராக நின்ற பஸ்ஸில் அந்தக் குடும்பத்துக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அவர்களுக்கே தெரியாமல் பின்னாலேயே போய் ஏறியிருக்கிறாள். ஏன்டி போனாய் என்று முதுகில் ஒன்று வைத்தேன். அழவில்லை. அவர்கள் விலை கொடுத்துவிட்டார்களே என்றாள். என்றைக்காவது ஒரு பஸ் என்னை முந்திக்கொண்டு புறப்பட்டுவிடும், பிள்ளை போயே விடுவாள் என்ற பயம் அன்றைக்கு நெஞ்சில் விழுந்தது. அதற்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கவில்லை. திருநெல்வேலியில் டாக்டரிடம் காட்டினோம். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, அன்பாகப் பேசுங்கள் என்றார். அன்பாகப் பேசாமல் வேறு எப்படிப் பேசினேனாம்.

இந்த வருஷம் தபசுக்குக் கொடியேறுகிற சமயத்தில்தான் ஷிரின் பானு வந்தாள். புளியங்குடிக்காரி, திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். கடைப் போர்டு, வண்டிப் படம், சாப்பாட்டுக் கடைச் சுவர் என்று படித்தவர்கள் திரும்பிப் பார்க்காத படங்களையெல்லாம் தேடிப் போய்ப் போட்டோ எடுக்கிறவள். எங்கள் படத்தைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்தவள் அதன் முன்னால் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். கல்லாவில் எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு அவள் பேச ஆரம்பித்தாள், எனக்கு எரிச்சல் போய்விட்டது.

பெரிய கோயில் கோமதி அம்மன் தபசு நின்றது ஒற்றைக் காலில், அதனால்தான் கடைக்காரியும் ஒற்றைக் காலில் நிற்கிறாள் என்றாள். வெளுப்பும் கறுப்பும் சங்கரரும் நாராயணரும். கீழ்த் தட்டில் சுருண்டு கிடக்கிற இரண்டு ரப்பர் பாம்புகள் கோயில் கதையில் வருகிற நாகராசாக்கள், சங்கனும் பதுமனும். இதெல்லாம் ஊருக்கே தெரியும், எனக்குத்தான் அந்தப் படத்தை உற்றுப் பார்க்கப் பிடிக்காமல் தெரியாமல் போயிற்று. தராசைப் பாருங்கள் அக்கா என்றாள். ஒரு தட்டில் தவிடு, இன்னொரு தட்டு காலி. ஆனாலும் தராசு நேராக நிற்கிறது. காலித் தட்டில் இருப்பது நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிள்ளை என்றாள். பிறகு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, என்னிடம் இல்லாமல் தனக்கே சொல்வதுபோல் சொன்னாள்.

"எத்தனை பிள்ளைகள் செத்திருந்தா ஒரு ஊர் இப்படி ஒரு கடைய நெனச்சுப் பாத்திருக்கும்."

என் இரண்டு பிள்ளைகளை நினைத்து அன்றைக்கு ஒரு அந்நியப் பெண்ணின் முன்னால் அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண்.

கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது, சட்டத்தைக் கழற்றி எடுத்தால் போட்டோ தெளிவாக விழும் என்று கேட்டாள். கழற்றச் சொன்னேன். என் வீட்டுக்காரர் சரக்கு எடுக்க மதுரைக்குப் போயிருந்தார், இசக்கிச்செல்வி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பெஞ்சில் போட்டு ஆணிகளைப் பிடுங்கினோம். சட்டம் இடது பக்கம் மட்டும் அளவுக்கு மீறிப் பட்டையாக இருந்தது, அதுவரை நான் கவனித்ததில்லை. அதைத் தூக்கியதும் படத்தில் இன்னும் ஒரு கையகலம் இருந்தது.

அந்த ஓரத்தில் கடைக்கு ஒரு பின்வாசல். அதன் வழியாக ஓர் ஆள் குனிந்து உள்ளே வருகிறான். தலையில் ஓலைக் கடகம், கடகம் நிறையப் பொம்மைகள். சில பொம்மைகளின் காலில் புற்றுமண் ஒட்டியிருக்கிறது. அந்த மீசை என் மாமனாருடையது. சுவரில் தொங்குகிற போட்டோவையும் அதையும் மாறி மாறிப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. அவர் தலைக்கு மேலே உள்ள தட்டில், பொம்மைகளுக்கு நடுவே, காலை நீட்டிக் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை. பொம்மையில்லை, பிள்ளை. அந்தப் படம் முழுக்கத் தேடினாலும் நம்மைப் பார்க்கிற முகம் அது ஒன்றுதான்.

ஷிரின் அதை மூடி மறைத்தது யார் என்று கேட்டாள். எனக்கு யார் என்று தெரிந்தது, ஏன் என்றும் தெரிந்தது. அந்தப் பிள்ளையின் முகம் இசக்கிச்செல்வியின் முகம்தானா என்று என்னைக் கேட்டால் நான் சத்தியம் செய்ய மாட்டேன். எனாமல் பெயிண்டில் ஒரு சுண்டுவிரல் உயரத்துக்கு வரைந்த முகம் யாருடைய முகமாகவும் இருக்கலாம். உட்கார்ந்திருந்த விதத்துக்கு மட்டும் சத்தியம் செய்வேன்.

மறுநாள் மத்தியானம் அவர் வந்ததும் படத்தைக் காட்டினேன். ஒளிக்கவெல்லாம் இல்லை அவர். கோயிலில் உடைக்கிற தேங்காய் கடைக்குத் திரும்ப வருகிறது, சாத்தின மாலை திரும்ப வருகிறது, நேர்ச்சைக்கு வாங்குகிற வெள்ளித் தகடு இந்தக் கையில் போட்டு அந்தக் கையில் வருகிறது, எந்த ஊரில் இல்லாத வழக்கம் இது என்று கேட்டார். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தானாம். ஆட்கள் போன பிறகு காட்டுக்குப் போய், கரையான் ஏறுவதற்கு முன்னால் பொம்மைகளைப் பொறுக்கி வந்து, கழுவி அரக்குத் தேய்த்துத் தட்டில் வைத்துவிடுவாராம், அவருக்குப் பிறகு இவரும். ஒரே பொம்மை எத்தனையோ பிள்ளைகளுக்கு விலையாகப் போய் வந்திருக்கிறது. அம்மன் கேட்டாளா, கல் கேட்டதா என்றார். அவர் குரலில் கொஞ்சம் கேலிகூட இருந்தது.

"நம்ம பிள்ளைக்குக் குடுத்ததையுமா எடுத்துட்டு வந்தீய?"

கேலி போய்விட்டது. தலையைச் சொறிந்தார். எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அது நல்ல மரம்ட்டி."

கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்து எறிந்தேன். சொப்புச் சாமான், விசில், பந்து. தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் தட்டில் துழாவி அந்தப் பொம்மையை எடுத்து வந்தார். செவத்த பாவாடை இப்போது பச்சைப் பாவாடையாகியிருந்தது. கொண்டை அதே கொண்டை. இவ்வளவு நாளும் என் கண்ணெதிரே போவதும் வருவதுமாக இருந்திருக்கிறது, நானே எத்தனையோ பெண்களுக்குத் தாளில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையை அழைத்துக்கொண்டு மூன்று பேரும் பைக்கில் பிள்ளைவாங்கியிடம் போனோம். பழைய பொம்மை, ஒரு புதுப் பொம்மை, தவிடு எல்லாம் எடுத்துக்கொண்டேன். துரைப்பாண்டி அண்ணாச்சிதான் அங்கே பூசாரி. ஆடு மேய்க்கிறவர், ஆடுகளை ஓடைப் பக்கம் விட்டுவிட்டு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். பிள்ளையைக் கல்லுக்கு முன்னால் உட்காரச் சொன்னேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குள் நுழைகிறவள் மாதிரி வட்டத்துக்குள் போய், புற்றுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

நான் வெளியே போய்த் திரும்பி வந்து விலை கேட்டேன். துரைப்பாண்டி அண்ணாச்சி உண்டு என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் பிள்ளை முந்திக்கொண்டாள்.

"இல்ல கடக்காரம்மா. வெலையத்தான் அந்த அண்ணாச்சி திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாவள்ளா."

அப்பாவைக் கைகாட்டினாள். சண்டை போட்டதைக் கேட்டிருப்பாள் என்று அவர் பிறகு சொன்னார். சண்டை நடந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் புதுப் பொம்மையை நீட்டினேன், பழைய பொம்மையை நீட்டினேன், தவிட்டுப் பையை அவள் காலடியில் கொட்டினேன். கடையில் நான் பேசுகிற மாதிரியே பேசினாள், அதே இழுவை, அதே கறார்.

"பொம்ம வேண்டாம். அத எடுத்துருவாவ. எடுத்துட்டுப் போக முடியாததாக் குடுங்க."

துரைப்பாண்டி அண்ணாச்சி இரண்டடி பின்னால் போனார். ஓடைப் பக்கம் ஆடுகள் கத்துவது நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் பைக் சாவியைக் கீழே போட்டுவிட்டு அதை எடுக்காமல் நின்றார். என்னிடம் வேறு என்ன இருந்தது? நகையைக் கழற்றினால் நகையும் எடுத்துப்போகிற பொருள்தான். நான் கற்களைத் தாண்டி உள்ளே போய், புற்றுக்கு இந்தப் பக்கம், அவளைப் போலவே காலை நீட்டி உட்கார்ந்தேன். நான் இருந்துக்கிடுதேன், பிள்ளையைக் குடு என்றேன். அவளிடம் சொன்னேனா, கல்லிடம் சொன்னேனா, தெரியவில்லை.

அவர் ஓடிவந்து பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு கற்களைத் தாண்டினார். தாண்டின அந்த நொடியில் அவர் தோளில் கிடந்த உடம்பு குழைந்தது. தலை என் பக்கம் திரும்பியது. முகம் கோணி, உதடு பிதுங்கி, பிறந்ததிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

"எம்மா."

நான் செத்துப் பிழைத்தேன். எந்திரிட்டி, பிள்ளை கூப்பிடுதால்லா என்று அவர் வந்து கையைப் பிடித்து இழுத்தார். இழுக்கவே வேண்டாம், பறந்தேன். பைக்கில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து என் சேலையைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை. எம்மா எம்மா என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். கோழிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்து திறந்து வாங்கினாள். அந்த ஒரு சாயங்காலம் நான் தாய். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

காலையில் பல் தேய்த்துவிடும்போது என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஒன்றும் இல்லை.

"கடக்காரம்மா, இன்னைக்காவது என்ன வாங்கிட்டுப் போவாவளா?"

ஒருவரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பொம்மையை அவர் எடுத்து வந்தார், விலை திரும்பிவிட்டது, பிள்ளை அம்மனுடையதாயிற்று. இப்போது என்னையும் எடுத்து வந்துவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கூப்பிட்டதும் ஓடிவந்தவள் நான்தான்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு டவுன் பஸ் ஏறி இங்கே, பிள்ளைவாங்கியின் வட்டத்துக்குள், வந்து உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடத்திலிருந்து அவருக்குப் போன் போயிருக்கிறது, பிள்ளை அம்மா வேண்டும் என்று அழுகிறாள், நிறுத்த முடியவில்லை என்று. கூட்டிக்கொண்டு வந்தார். கற்களுக்கு வெளியே அவளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் திமிறித் திமிறிக் கூப்பிட்டாள். நான் இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு தபசு முடிந்துவிட்டது, மழையும் ஒன்று பெய்து காட்டில் உளுந்து முளைத்துவிட்டது. துரைப்பாண்டி அண்ணாச்சி தகரத்தில் சின்னக் கொட்டகை போட்டுத் தந்திருக்கிறார். அவர் வீட்டிலிருந்து கஞ்சியோ சோறோ வரும். ஊரில் என்னை என்னவெல்லாம் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஷிரின் பானு ஒரு டாக்டரம்மாவை அழைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்து அருமையாகத்தான் பேசினார்கள். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்த மனசு இப்படிச் செய்யும் என்றார் டாக்டரம்மா. செய்யும், நான் மறுக்கவில்லை. நடுவில் காய்ச்சல் கண்டு நினைவில்லாமல் கிடந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கண் விழித்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற என் பிள்ளை, கடை எப்போது திறப்பீர்கள் கடைக்காரம்மா என்று கேட்டாள். டாக்டரம்மா அதற்கு என்ன சொல்வார்? ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கடையில் இருந்த மரப்பொம்மை அத்தனையையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்து புற்றடியில் கொட்டினார். படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டாராம். பாவம், மெலிந்துவிட்டார். பிள்ளைக்குத் தலை பின்னவும் கற்றுக்கொண்டார், கோணல் வகிடுதான், ஆனாலும் பின்னுகிறார். வேறு பெண்களும் வருகிறார்கள். திருவேங்கடத்திலிருந்து, கரிவலத்திலிருந்து, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கற்களுக்கு வெளியே நிற்பார்கள். அந்தப் பிள்ளைகள் அசையாமல் நிற்கும். உங்கள் பிள்ளை உங்களை எப்படிக் கூப்பிட்டது என்று கேட்பார்கள். வீட்டுக்குப் போங்கள் என்று கல்லை எடுத்து எறிவேன். எந்தப் பொம்மை யாருக்காகக் கொடுத்தது என்று இனி யார் பிரித்துச் சொல்ல முடியும்? ஒருத்தி போகவில்லை. வட்டத்துக்குள் இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கண்ணால் அளந்துகொண்டே நின்றாள்.

போன வாரம் என் பாய்க்கு அடியில் கரையான் ஏறியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றட்டுமா என்று அண்ணாச்சி கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிதோறும் பள்ளிக்கூடம் விட்டதும் அவர் அவளைக் கூட்டிக்கொண்டு வருவார். இப்போதெல்லாம் அவள் அழுவதில்லை, கற்களுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பாள். டீச்சர் திட்டியது, பக்கத்தில் உட்கார்கிற மாரிசெல்வி பென்சிலைக் கடித்தது, அப்பா வைத்த குழம்பில் உப்பில்லாதது. ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ஒரு எம்மா, பின்னால் ஒரு எம்மா. அவளைக் கற்களுக்கு உள்ளே விடவும் எனக்குப் பயம், என் கையை வெளியே நீட்டவும் பயம். இருட்டுவதற்கு முன்னால் அவர் பைக்கை எடுப்பார், அவள் பின்னால் திரும்பி உட்கார்ந்து ரோடு திரும்பும் வரை கூப்பிட்டுக்கொண்டே போவாள். கேட்டுக்கொண்டிருப்பேன். இது போதும் என்று எல்லாரிடமும் சொல்லுகிறேன். போதவில்லை. அவள் தலையில் ஒரு தடவை எண்ணெய் தேய்த்துவிட வேண்டும் எனக்கு.